கொடுக்கும் கை எதைப் பார்த்துத் திறக்கிறது?



கலியாண மண்டபம், சத்திரம், கோவில் என்று எந்தப் பொது இடத்திற்குப் போனாலும் தலைக்கு மேலே எரியும் டியூப் லைட்டைச் சற்று அண்ணாந்து பாருங்கள். 'உபயம்' என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் எல்லாம் சிவப்பு மையில் எழுதியிருக்கும். எழுத்து மறைத்தது போக மிச்சமுள்ள இடத்தில்தான் வெளிச்சம் வரவேண்டும். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்த விளக்கும் இல்லாவிட்டால் மண்டபம் இருட்டாய்க் கிடந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம்? பெயருக்காகக் கொடுத்தார் என்பதனால் மின்சாரம் பாயாமல் நின்றுவிடவில்லை.

ஆகையால் பெயருக்குக் கொடுக்கிறவர்களைக் கண்டிப்பது இந்த வாரப் பாடத்தின் நோக்கமன்று. அதைப் பிரசங்கங்களில் வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. மனிதர் எந்தக் காரணத்தால் கொடுக்கிறார்களோ, அந்தக் காரணமே அவர்கள் கொடுத்த பணம் எங்கே போய்ச் சேரும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. விளக்கு வாங்கிக் கொடுத்த அதே மனிதரிடம் போய், தெருக்கோடியில் இருக்கும் கைம்பெண்ணுக்கு மாதாமாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க உதவுங்கள் என்றால் தயங்குகிறார். அவர் கெட்டவர் அல்லர். மாத்திரையின்மேல் பெயர் எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு கொடுக்கிறோம், எங்கே கொடுக்கிறோம்

இக்காலத்தில் தர்ம சிந்தை குறைந்துபோயிற்று என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அசோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி மையம், 2020 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரையிலான ஓராண்டில் இந்தியக் குடும்பங்கள் செய்த தான தர்மங்களைப் பற்றி விசாரித்து அறிக்கை வெளியிட்டது. கொரோனா நோயின் இரண்டாம் அலை நம்மைப் புரட்டிப் போட்ட ஆண்டு அது. பலருக்கு வேலையில்லை, கூலியில்லை. அப்படியிருந்தும் நூற்றுக்கு 87 குடும்பங்கள் ஏதோ ஒரு விதத்தில் கொடுத்திருக்கின்றன. மொத்தம் சுமார் 23,700 கோடி ரூபாய் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது.

இந்தத் தொகை எங்கே போயிற்று என்பதுதான் கவனிக்கத் தக்கது. நூற்றுக்கு 70 பங்கு, அதாவது சுமார் 16,600 கோடி ரூபாய், கோவில், மசூதி, தேவாலயம் முதலிய சமய நிறுவனங்களுக்குப் போயிற்று. பிச்சைக்காரர்களுக்கு நூற்றுக்கு 12 பங்கு. உற்றார் உறவினர், நண்பர்களுக்கு 9 பங்கு. வீட்டு வேலை செய்வோருக்கு 4 பங்கு. சமய சார்பில்லாத தர்ம ஸ்தாபனங்களுக்கு 5 பங்கு. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு ஜனங்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை, சமய நம்பிக்கை, கஷ்டப்படுகிற ஒருவரைத் தாங்கவேண்டும் என்ற எண்ணம், தலைமுறையாய் வந்த குடும்ப வழக்கம் ஆகியவை.

சமய நிறுவனங்களுக்குப் போன பணத்தில் ஒரு பகுதி பள்ளிக்கூடமாகவும் மருந்தகமாகவும் அன்னதானமாகவும் ஏழைகளிடமே திரும்பி வருகிறது. ஆகவே அதை வீண் என்று சொல்லிவிடக் கூடாது. எனினும் இந்த எண்களை ஒரு முறை மறுபடி வாசியுங்கள். சர்வேசுரனுக்கென்று கொடுக்கிறோம், கை நீட்டுகிறவனுக்குக் கொடுக்கிறோம், உறவுக்குக் கொடுக்கிறோம். கை நீட்டாதவனும், உறவில்லாதவனும், கோவில் வாசலுக்கு வரமுடியாதவனும் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? 

மொய் நோட்டும் நீர்மோர்ப் பந்தலும்

நம்மவர் கொடுக்கும் வழக்கங்களில் மிகவும் ஒழுங்காய் நடப்பது மொய் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். காதுகுத்தோ கலியாணமோ, வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டும் பேனாவுமாய் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை மூன்றும் பதிவாகும். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகுமுன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குமேல் கொஞ்சம் சேர்த்து வைப்பது மரியாதை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பேராவூரணி, கீரமங்கலம் முதலிய இடங்களில் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து நடத்துகிறார்கள். பாங்கிக்குப் போகாமல், வட்டியில்லாமல், ஒரு குடும்பம் தலைநிமிர அது பெரிய உதவி. கை தாழ்ந்தவன் என்ற பெயரும் வாங்குகிறவனுக்கு வராது.

ஆனால் மொய் எழுதத் திராணி உள்ளவனுக்குத்தான் மொய் திரும்பி வரும். போன வருஷங்களில் நாலு வீட்டுக்கு எழுத முடியாமல் போனவன் வீட்டு விசேஷத்தில் நோட்டின் பக்கங்கள் வெறுமையாயிருக்கும். அதிகம் தேவைப்படுகிற வீட்டுக்குக் குறைவாய்ப் போவது அந்த ஏற்பாட்டின் இயல்பு. சேசுநாதர் ஒரு விருந்தில், உங்களைத் திரும்ப அழைக்கக் கூடியவர்களை விட்டு, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழையுங்கள் என்று போதித்ததை லூக்காஸ் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். மொய்யை விட்டுவிடச் சொன்னாரோ இல்லையோ, மொய் எட்டாத இடத்தை அவர் விரல் நீட்டிக் காட்டினார் என்று மட்டும் நிச்சயமாய்ச் சொல்லலாம்.

இனி நீர்மோர்ப் பந்தலுக்கு வருவோம். தைப்பூசம், பங்குனி உத்திரம் நாட்களில் பழனிக்கு நடந்து போகிற யாத்திரிகர்களுக்காக நம் பக்கத்துச் சாலைகளில் பந்தல் போட்டு மோர், பானகம், தக்காளிச் சாதம் கொடுக்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வேளாங்கண்ணிக்கு நடக்கிற நம்மவர்களுக்கும் வழியெல்லாம் பிற சமயத்தார் தண்ணீர் கொடுத்து உபசரிப்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். இந்தத் தர்மம் எளிதில் சுரப்பதற்குக் காரணம் உண்டு. வழிநடையாய் வருகிறவனுடைய தாகம் கண்ணுக்கு முன்னே தெரிகிறது. கொப்பளித்த கால் தெரிகிறது. மோரை வாங்கிக் குடித்த மறுகணம் முகம் மலர்வதும் தெரிகிறது. கொடுத்தவனுக்கு அங்கேயே, அப்போதே மனம் குளிர்ந்துவிடுகிறது.

அந்தப் பந்தலுக்குப் பின்புறத்துச் சந்தில் ஒரு வேளைச் சோற்றோடு படுத்துக்கொள்ளும் கிழவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் வரிசையில் நிற்கமாட்டாள். யாத்திரிகன் வெளியூர்க்காரன், கை நீட்டினால் அவமானமில்லை, அது பக்தி. அவளோ சொந்தத் தெருக்காரி. ஒரு காலத்தில் நாலு பேருக்குச் சோறு போட்ட கை. அந்தக் கையை நீட்டுவதைவிடப் பட்டினி கிடப்பது அவளுக்கு எளிது. சாலையில் போகிறவனை நம் இரக்கம் கண்டுகொள்கிறது. சந்துக்குள் இருக்கிறவளைக் காணவில்லை.

இரக்கம் என்பதே கண்ணோடு பிறந்த குணம். முகம் தெரிந்தால்தான் அது அசைகிறது. அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைத் தெளிவாய்க் காட்டிற்று. சிலரிடம் ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் இஷ்டப்பட்டதை ஆப்பிரிக்கப் பட்டினிக்குக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு பகுதியாரிடம் பட்டினியால் வாடும் லட்சக்கணக்கான பேரின் புள்ளிவிவரத்தை மட்டும் சொன்னார்கள். இன்னொரு பகுதியாரிடம் ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் காட்டினார்கள். புள்ளிவிவரம் கேட்டவர்களைவிடச் சிறுமியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியாருக்குச் சிறுமியின் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கொடை மறுபடி குறைந்துவிட்டது. அவளைப்போல் லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கை தளர்ந்தது! புத்தி சொல்வதும் இரக்கம் செய்வதும் ஒன்றாயிருக்கவில்லை.

பூமிதானம் கற்பித்தது

நம் திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் நாம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மதுரை மாவட்டம் பூமிதான, கிராமதான இயக்கத்தில் தமிழ்நாட்டிலேயே முன்னணியில் நின்றது. கொடுக்கிறவர்களின் மனத்தைப் படிக்க அதைவிட நல்ல பாடபுத்தகம் கிடைக்காது.

தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியில் 1951 ஏப்ரல் 18-ந் தேதி ஆசார்ய வினோபா பாவேயிடம் நிலமில்லாத அரிஜனக் குடும்பங்கள் தங்களுக்கு நிலம் வேண்டுமென்று கேட்டன. கூட்டத்தில் இருந்த இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அங்கிருந்து வினோபா ஊர் ஊராய் நடக்கத் தொடங்கினார். 1956-லும் 1957-லும் தமிழ்நாட்டில் நடந்தார். அவர் கேட்ட விதம் யோசிக்கத் தக்கது. இரக்கப்படுங்கள் என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி என் பங்கைக் கொடுங்கள் என்ற கருத்தில் ஆறில் ஒரு பாகம் கேட்டார். பிள்ளை கேட்பது பிச்சையல்ல, பாகம். வாங்கப்போகிற ஏழைக்கும் அதில் தலைகுனிவில்லை.

ஜனங்கள் கொடுத்தார்கள். ஐந்து கோடி ஏக்கர் சேர்க்கவேண்டுமென்ற இலக்கு கைகூடவில்லையாயினும் நாடு முழுவதிலும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் கால்நடையாய் நடந்த ஒரு மனிதரிடம் இவ்வளவு நிலத்தை ஜனங்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. சென்னை ராஜ்யம் 1958-ல் பூதான யக்ஞச் சட்டம் இயற்றி, தானமாய் வந்த நிலத்தைப் பங்கிடுவதற்கு ஒரு போர்டும் ஏற்படுத்தியது.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். எழுதிக் கொடுத்த நிலத்தில் ஒரு பங்கு பாறையாயிருந்தது. ஒரு பங்கு வழக்கில் கிடந்தது. சிலர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனபின் பட்டாவை மாற்றித் தரவில்லை. நிலம் கிடைத்த ஏழைக்கு மாடு இல்லை, விதையில்லை, கிணறு வெட்டப் பணமில்லை. கொடுத்தவர்களில் உத்தமமான மனத்தோடு கொடுத்தவர் பலர். எல்லாரும் கொடுக்கையில் நாம் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது என்று கொடுத்தவரும் உண்டு. சட்டம் வந்து பறிக்குமுன் தானே கொடுத்துப் பேர் வாங்கலாம் என்று எண்ணியவரும் உண்டு. கூட்டத்தின் நடுவில் எழுந்த கையை, மறுநாள் தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போடவைக்க ஆளில்லை. அதுதான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. மனம் கலந்திருந்தது பெரிய குறையல்ல.

நம் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவருடைய கணவர் ஜெகந்நாதனும் அந்த இயக்கத்தில் கால் தேய உழைத்தவர்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் இரவில், கீழ்த்தஞ்சையில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட பிறகு அவர்கள் அங்கே போய்த் தங்கினார்கள். 1981-ல் லாப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலத்தைத் தானமாய்க் கேட்பதோடு நிற்காமல், சொந்தக்காரரிடம் விலை பேசி, கடனுக்கு ஏற்பாடு செய்து, உழைக்கும் பெண்களின் பெயரிலேயே பத்திரம் முடித்துக் கொடுத்தார்கள். கொடுக்கிறவரின் நல்ல மனத்தை நம்பித் தொடங்கியவர்கள், அந்த மனம் ஆறிப்போன பின்னும் நிலைக்கக்கூடிய ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

நிலத்தை விற்றுக் கொடுத்த கதை நம் வேதாகமத்திலும் உண்டு. அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தில் பர்னபா தம் வயலை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைத்தார். சபையார் எவ்வளவு மெச்சியிருப்பார்கள்! அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் அவன் மனைவி சப்பிராளும் வருகிறார்கள். காணியை விற்றார்கள், ஒரு பங்கை ஒளித்துவைத்து, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டார்கள். அர்ச். இராயப்பர் அவர்களைக் கண்டித்ததை ஊன்றி வாசியுங்கள். குறைவாய்க் கொடுத்தது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. நிலம் உன்னுடையது, விற்ற பணமும் உன்னுடையது, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே என்ற கருத்தில்தான் பேசினார். பர்னபாவுக்குக் கிடைத்த பேர் வேண்டும், பர்னபா இழந்தது வேண்டாம்; அதுவே பொய்.

பெயரில்லாத பை

அப்படியானால் மனத்தைச் சுத்தம் செய்துகொண்ட பிறகுதான் கொடுக்கவேண்டுமா? அவ்வாறு காத்திருந்தால் ஒருவரும் கொடுக்கமாட்டோம். ஏழையும் அதுவரை காத்திருக்கமாட்டான். அர்ச். சின்னப்பர் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, மக்கேதோனியர் தங்கள் வறுமையிலும் தாராளமாய்க் கொடுத்ததைக் கொரிந்தியருக்கு எழுதி அவர்களைத் தூண்டிவிட்டார். கொரிந்தியரின் ஆர்வத்தைச் சொல்லி மக்கேதோனியரையும் தூண்டியிருந்தார்! மனிதரின் ரோசத்தை அவர் கூசாமல் உபயோகித்தார். ஆனால் அதோடு விடவில்லை. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வீட்டிலேயே இயன்றதை எடுத்து வைக்கச் சொன்னார். பணத்தைக் கொண்டுபோகத் தாம் மட்டும் போகாமல் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார். ஒருவரும் குறைசொல்ல இடம் வரக்கூடாது என்று காரணமும் எழுதினார். உணர்ச்சி, ஒழுங்கு, கணக்கு மூன்றும் அங்கே இருந்தன.

1833-ல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓசானம் என்ற மாணவருக்கு 20 வயது. கிறிஸ்தவ சமயம் பழைய காலத்தில் நல்லது செய்தது, இப்போது ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விவாதக் கூட்டத்தில் ஒருவர் குத்திக் கேட்டார். ஓசானமும் நண்பர் ஒருவரும் தங்களிடம் மிச்சமிருந்த விறகைச் சுமந்துகொண்டுபோய் ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபை இப்படித்தான் பிறந்தது. ஓசானத்துக்கு 1997-ல் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அந்தச் சபையார் ஏற்படுத்திக்கொண்ட இரண்டு வழக்கங்களை நம் பாடத்துக்காகக் கவனிப்போம். ஒன்று, கூட்ட முடிவில் ஒரு பையைச் சுற்றிலும் அனுப்புவார்கள்; ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள்; யார் எவ்வளவு போட்டார், அல்லது ஒன்றும் போடவில்லை என்று பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. அந்த வாரம் கையில் காசில்லாத உறுப்பினருக்கும் அது மானத்தைக் காத்தது. மற்றொன்று, உதவி பெறுகிறவரைத் தங்களிடம் வரவழைக்காமல், இருவர் இருவராய் அவர் வீட்டுக்கே போவார்கள். வரிசையில் நிற்கமாட்டாத கிழவியைக் கண்டுபிடிக்க அதைவிட வேறு வழியில்லை.

கேரளத்தில் அர்ச். குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா (1805–1871) கோவிலோடு பள்ளிக்கூடமும் இருக்கவேண்டுமென்று பாடுபட்டவர். ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட 'பிடியரி' வழக்கத்தைக் கொண்டுவந்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது. மிசோராம் மலைநாட்டில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே வழக்கத்தை நடத்தி வருகிறார்கள். நம் நாட்டில் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பிடி அரிசித் திட்டத்தை ஊக்குவித்தார். மூன்று தரப்பார் மூன்று இடத்தில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கவேண்டும். பிடி அரிசியில் யாருடைய பெயரும் எழுத முடியாது. என் வீட்டு அரிசியும் உங்கள் வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க ஒருவராலும் ஆகாது. பணக்காரியின் பிடியும் கூலிக்காரியின் பிடியும் ஏறக்குறைய ஒரே அளவு. மேலும் அது மனம் இளகிய நாளில் மாத்திரம் நடப்பதல்ல. மனம் இளகாத நாளிலும் உலை கொதிக்கிறது.

நம் வயல்களிலும் இதற்கு ஓர் உறவு வழக்கம் இருக்கிறது. நிலக்கடலை பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கிய தப்புக்கடலையைக் கிளறிப் பொறுக்கிக்கொள்ளப் பிறரை விடுவார்கள். பழைய ஏற்பாட்டில் மோயீசன் கொடுத்த சட்டம், கதிர் அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்லிற்று. அறுத்துக் கட்டி அவன் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. அவன் வந்து தன் உழைப்பால் எடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் கும்பிடு போடவேண்டாம். ரூத் என்ற பெண் அப்படித்தான் தன் மாமியைக் காப்பாற்றினாள். இப்போது இயந்திரம் அறுக்கிறது, ஓரம் மிஞ்சுவதில்லை. அந்த ஓரத்துக்குப் பதிலாக நம் சம்பளத்திலும் வெல்லம் விற்ற பணத்திலும் எதை விடுவது என்பது குடும்பத்தில் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

வாங்குகிறவரின் முகம்

நாமும் வாங்கியவர்கள்தாம் என்பதை மறந்துவிடுகிறோம். 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் உதவி ஸ்தாபனம் வழியாக வந்த பால் பவுடரும் கோதுமையும் பல பங்குகளில் பங்கிடப்பட்டன. வயதானவர்களைக் கேட்டால் அந்தப் பாலின் ருசியைச் சொல்வார்கள். சிலர் அதற்காகக் கேட்ட ஏச்சையும் சொல்வார்கள். ஜெர்மன் நாட்டு மேற்றிராணிமார் 1958-ல் மிசெரெயோர் என்ற உதவி ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அங்குள்ள குடும்பங்கள் தபசுகாலத்தில் ஒருசந்தியிருந்து மிச்சம் பிடித்த காசு, கடல் தாண்டி எத்தனையோ ஊர்களில் கிணறாகவும் மருந்தாகவும் மாறிற்று. யுத்தம் முடிந்து 13 வருஷமே ஆகியிருந்தது. அவர்களே அதற்குச் சற்று முன்புவரை பிறரிடம் உணவு வாங்கி உண்டவர்கள். நம் முகம் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் தண்ணீர் வந்தது.

இன்று நிலைமை தலைகீழ். ஐந்து கிலோ அரிசி கொடுக்கும்போது ஆறு பேர் சேர்ந்து பையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். வாங்குகிற அம்மாள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்க்கிறாள். அன்று மாலைக்குள் அவளுடைய பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்ஆப்பிலும் அந்தப் படம் வந்துவிடுகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பொருள்களின்மேல் படம் ஒட்டினதைப் பற்றி நாடே பேசிற்று, நாமும் பேசினோம். நம் கைப்பேசியில் இருக்கிற படங்களைப் பற்றி யார் பேசுவது? கணக்குக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் ரசீது போதும். கொடுப்பவர்களின் படம் மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். வாங்குகிறவர் முகத்தை விட்டுவிடலாம்.

ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்ட சம்பவத்தை நாம் அறிவோம். அதிகமாய்க் கொடுத்தவள் அவளே என்று சேசுநாதர் சீஷர்களுக்குக் காட்டினார். ஆனால் அதற்குச் சற்று முன்னேதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைப் பற்றி அவர் எச்சரித்திருந்தார் என்பதை அபூர்வமாகவே கவனிக்கிறோம். ஜீவனத்துக்கு இருந்ததை எல்லாம் போட்டுவிட்டு வீடு திரும்பிய அவளுக்கு மறுநாள் யார் சோறு போட்டார்கள்? சுவிசேஷத்தில் இதற்குப் பதில் இல்லை. திருச்சபை பிறந்தபின் எழுந்த முதல் முறையீடுகளில் ஒன்று கைம்பெண்களைப் பற்றியதே. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று சபையில் சலசலப்பு உண்டாயிற்று. சபையார் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருந்த நாட்களிலேயே இது நடந்தது. அன்பு குறைந்ததனால் வந்த குறை என்று சொல்ல முடியாது. பாஷை வேறான பெண்கள் கண்ணுக்குப் படவில்லை. அப்போஸ்தலர்கள் இன்னும் அதிகமாய் நேசியுங்கள் என்று பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள்.

ஏமாற்றுகிறவர்களுக்கு என்ன செய்வது?

இந்தப் பேச்சு எழுந்தால் கட்டாயம் யாராவது கேட்பார்கள்: கொடுத்த பணத்தைக் குடித்துவிடுகிறானே, நாலு இடத்தில் பொய் சொல்லி வாங்குகிறாளே? நியாயமான கேள்வி. ஆனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சாராயத்துக்குப் போகும் என்று பயந்து நாம் மறுக்கிற பத்து ரூபாய், பெரும்பாலும் சாலையில் கை நீட்டுகிறவனுடையது. அவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் தர்க்கிக்கிறோம். அந்த நேரத்தில் பின்சந்துக்காரியை யாரும் நினைக்கவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு முகம் உண்டு, பேச்சு உண்டு, கதை உண்டு. ஆகையால் நம் பணமும் முதலில் அவனிடம் போகிறது, நம் கோபமும் முதலில் அவன்மேல் பாய்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வழக்கம் இதற்கும் மருந்து. இரண்டு பேராய், மாதம் ஒரு முறை, ஒரே வீட்டுக்கு ஓராண்டு போய்வந்தால் அடுப்பு எரிகிறதா, மாத்திரை அட்டையில் எத்தனை பாக்கி, வட்டிக்காரன் எந்தக் கிழமை வருகிறான் என்பது தெரிந்துவிடும். கையில் பணமாய்க் கொடுக்கத் தயக்கமானால் மருந்துக் கடையில் நேரே கட்டிவிடலாம். பள்ளிக் கட்டணத்துக்கு அங்கேயே ரசீது வாங்கலாம். இரண்டு பேர் என்பதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஒருவர் மட்டும் போனால் அவர் வள்ளல் ஆகிவிடுவார். இருவர் போனால் இருவரும் தூதர்கள். யாருக்கு நன்றி சொல்வதென்று அந்த வீட்டாருக்குக் கொஞ்சம் குழப்பமாயிருக்கும். அந்தக் குழப்பம் இருக்கட்டும்.

அரிசிச் சாக்கை வைப்பதென்றால் எங்கே வைப்பது, வாரந்தோறும் அளப்பது யார், அளந்ததை எந்தப் பலகையில் எழுதுவது, எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதை மட்டும் எழுதாமல் விடுவது எப்படி என்பவற்றை இந்த வாரம் ஜெபமாலைக்குப் பிறகு உங்கள் வீட்டிலும் அன்பியத்திலும் பேசிப் பாருங்கள். பிள்ளைகளையும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சாக்கு நிரம்பாத வாரம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடலாம்.